அறை உள்ளதும் அறை இல்லாததும்

ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் வயதுப் பெண்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச வராது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்டால்தான் வாயைத் திறப்பேன். எழுதும்போது எதிரே ஒரு முகம் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லப்போவது என் அக்காவின் மேல் எனக்கு இருந்த பொறாமையைப் பற்றி. இருந்த என்று எழுதிவிட்டேன். இருக்கிற என்று எழுதியிருக்க வேண்டும்.

ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ என்று புதிதாக வந்திருந்த காலம் அது. அக்கா ஏற்காட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில், அவர்களுடைய ஹாஸ்டலிலேயே தங்கிப் படித்தாள். ப்ளஸ் ஒன் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். நான் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்திருந்தேன். காப்பி பூத்து உதிர்ந்திருந்தது. மழை பெய்த மறுநாள் காலையில் தோட்டம் முழுக்க வெள்ளையாகி, மூச்சை முட்டுகிற அளவுக்கு மணக்கும் அந்தப் பூவை அக்கா அந்த வருடம் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவளுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது அந்த ஒன்றுதான் என்று அப்போது கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

எங்கள் வீடு ஒரே கூடம். ஒரு மூலையில் அடுப்பு. இன்னொரு மூலையில் காப்பிக்கொட்டை மூட்டைகள். கதவோரம் கோழிக்கூடை. சுவரில் சாத்திய மண்வெட்டி, செடி கழிக்கிற கவாத்துக் கத்தி, விதைச் சாமை கட்டி வைத்த பானை. இவற்றுக்கு நடுவே எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே பாயை விரித்து நாங்கள் நால்வரும் படுப்போம். மழைக்காலத்தில் அடுப்புப் புகை வெளியே போகாமல் கூரைக்கும் எங்களுக்கும் நடுவில் நிற்கும். என் பாவாடை, அம்மாவின் சேலை, கோழி இறகு, காப்பி மூட்டை எல்லாவற்றுக்கும் ஒரே வாசம்தான்.

அக்கா ஹாஸ்டலிலிருந்து வேறொரு வாசத்தோடு வந்தாள். அவளிடம் ஒரு ரோஸ் நிறச் சோப்பு டப்பா இருந்தது. எதைத் தொட்டாலும், தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும், வாசலில் நின்று பானைத் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்ப்பாள். மலைத் தண்ணீர் ஐஸாக இருக்கும். அவள் விரல்கள் சிவந்துபோகும். அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொல்வாள்:

"கோழியத் தொட்டா கழுவறா, கூடையத் தொட்டா கழுவறா. எங்களத் தொட்டாலும் கழுவுவியா சாமி?"

"சிஸ்டரு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காங்கம்மா."

"உங்க சிஸ்டரு கூழு கரைப்பாங்களான்னு கேட்டுட்டு வா."

அவளுக்கு லீவில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். பெரிய சார்ட் தாளில் இரண்டு படம் வரைந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். சயின்ஸ் சிஸ்டர் அதை வகுப்புச் சுவரில் மாட்டுவாராம். முதல் தாளின் மேல் கோழி நடந்தது. இரண்டாவது தாளில் கரி விழுந்தது. அக்கா அழுதாள். அப்பா காப்பித் தோட்டத்திலிருந்து வந்து, காலைக்கூடக் கழுவாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இந்தப் பொகையில எப்படிங்கப்பா வரையறது?"

"அழுவாத கண்ணு. ஒரு தட்டி வெச்சுரலாம்."

மூட்டைகள் இருந்த மூலையை அப்பா காலி செய்தார். மூங்கிலைப் பிளந்து தட்டி பின்னினார். செம்மண்ணையும் சாணியையும் சாமை வைக்கோலையும் குழியில் போட்டு மிதித்துக் குழைத்தது நான். முட்டி வரை மண்ணோடு நின்று மிதித்தேன். தட்டியின் மேல் பூசிக் காய்ந்ததும் அது சுவராகிவிட்டது. எஸ்டேட்டில் தூக்கிப் போட்ட பெட்டிப் பலகையில் ஒரு கதவும் வைத்தார். வீட்டுக்குள் ஒரு அறை. அக்காவுக்கு மட்டும். அவள் தகரப் பெட்டி, மைப் புட்டி, ஜியாமெட்ரி பாக்ஸ், சோப்பு டப்பா எல்லாம் உள்ளே போயின. காப்பி மூட்டைகள் வெளியே வந்து நான் பாய் விரிக்கும் இடத்தில் உட்கார்ந்தன.

எனக்கு உள்ளே எரிந்தது. மண் மிதித்த காலில் சேற்றுப்புண் வேறு. அதைக் காட்டி அம்மாவிடம் அழுதேன். அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டாள். நான் எதற்கு அழுதேன் என்று அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டாள். சார்ட்டின் மூலைகளை நான்கு பக்கமும் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அன்றுதான் அந்தப் படங்களைப் பார்த்தேன். இடது பக்கம் சின்னதாக ஒன்று, வலது பக்கம் பெரியதாக ஒன்று.

"என்னக்கா, பலாப்பழத்த அறுத்து வெச்சாப்புல?"

"பலாப்பழமாம். இது செல்லு புள்ள. உசுரு இருக்கற எல்லாமே இதாலதான் ஆயிருக்குது. செங்கல் அடுக்கி ஊடு கட்டறாப்புல."

"அப்புறம் எதுக்கு ரெண்டு?"

"ரெண்டும் வேற சாதி. இந்தச் சின்னது இருக்குது பாரு, இதுக்குள்ள அறையே கெடையாது. எல்லாம் ஒண்ணாக் கொட்டிக் கெடக்கும். இந்த நூல்கண்டு மாதிரி வரைஞ்சிருக்கறது, அதுலதான் அது என்ன, எப்படி இருக்கணும், அதோட குட்டி எப்படி இருக்கணும்ங்கறதெல்லாம் இருக்குது. அத வெக்கறதுக்குக்கூட ஒரு தடுப்பு இல்ல. அப்படியே நடுவுல சுருண்டு கெடக்கும்."

"பெருசு?"

"பெருசுக்கு உள்ளார தனியா ஒரு அறை. உட்கருன்னு பேரு. அதுக்குச் சுத்தி ரெண்டு அடுக்குத் தோலு. நூல்கண்டு அதுக்குள்ள பத்தரமா இருக்கும். வெளிய இருக்கறது பாரு, இது சக்தி உண்டாக்கற எடம், இது செஞ்சத மூட்ட கட்டி அனுப்பற எடம். இதுக்கெல்லாம்கூடத் தனித்தனியாத் தோலு. சின்னதுல இது ஒண்ணும் இல்ல. இந்தப் புள்ளி புள்ளியா இருக்குதே, புரதம் பண்றது, அது மட்டும் ரெண்டுலயும் உண்டு. சின்னதுல அதுவும் சிறுசாத்தான் இருக்கும்."

சின்னதன் பெயர் புரோகேரியோட்டிக் செல். பெரியதன் பெயர் யூகேரியோட்டிக் செல். எனக்கு இன்றும் வாயில் சரியாக வராது. அக்கா மகளின் பழைய பள்ளிப் புத்தகத்தைப் பார்த்து இங்கே எழுதுகிறேன்.

"இந்தச் சின்னது எங்க இருக்கும்?"

"எங்கதான் இல்ல. தயிருல, புளிச்ச மாவுல, மண்ணுல, உங் கையில. பாக்டீரியா எல்லாம் இந்தச் சாதிதான்."

"பெருசு?"

"காப்பிச் செடியில, காளான்ல, கோழியில, நம்ம ஒடம்புல."

"கோழிக்கு உள்ள அறை இருக்குதா?"

"கோழியோட ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் இருக்குது."

"எனக்கு?"

"உனக்கும்தான். கோடி கோடியா இருக்குது."

எனக்கு அதைக் கேட்டுச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோடி அறை உள்ளே வைத்துக்கொண்டு காப்பி மூட்டைக்கும் கோழிக்கூடைக்கும் நடுவில் ஒருக்களித்துப் படுக்கிறேனே என்றுதான் இருந்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கேலி வந்துவிட்டது. இடது பக்கத்துப் படத்தைத் தொட்டாள்.

"இது நீ இருக்கற ஊடு. எல்லாம் ஒரே கூடத்துல." வலது பக்கத்தைத் தொட்டாள். "இது நா இருக்கற ஊடு."

அன்றிலிருந்து என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "ஏ பாக்டீரியா, தண்ணி கொண்டா." "பாக்டீரியா, கதவச் சாத்திட்டுப் போ." அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது. ஏதோ இங்கிலீஷ் செல்லப் பெயர் என்று நினைத்துக்கொண்டு அவரும் ஒருதரம் கூப்பிட்டார். நான் சாப்பிடாமல் எழுந்து போனேன். "என்ன சொல்லிப்புட்டேன்னு இவ மொகத்தத் தூக்கறா?" என்று அவர் அம்மாவைக் கேட்டது காதில் விழுந்தது.

ஆனாலும் அவள் மனப்பாடம் செய்யும்போது கதவுக்கு வெளியே கேழ்வரகு புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். உட்கரு உறை இல்லை, உட்கரு உறை உண்டு. உள்ளே தனி உறுப்புகள் இல்லை, உண்டு. இல்லை, உண்டு. இல்லை, உண்டு. இல்லை என்று வருவதெல்லாம் என் பக்கம் போலத் தோன்றும். ஒன்றே ஒன்று மட்டும் அந்தச் சின்னதுக்குச் சாதகமாக இருந்தது. இதமான சூடும் தீனியும் கிடைத்தால் அது ஒன்று இரண்டாகப் பிளந்து, இரண்டு நாலாகி, கொஞ்ச நேரத்தில் எண்ண முடியாமல் பெருகிவிடுமாம். பெரியதால் அந்த வேகத்துக்கு வர முடியாதாம். அதைக் கேட்டபோது எனக்கு ஒரு அற்பத் திருப்தி.

இனி என் சங்கதிக்கு வருகிறேன்.

ஊர் வாத்தியார் அப்பாவைச் சந்தையில் பார்த்துச் சொல்லியிருந்தார். சின்னதும் நன்றாகப் படிக்கிறது, ஆறாவதுக்கு ஏற்காட்டில் சேர்த்துவிடுங்கள், பெரியவள் இன்னும் ஒரு வருடம் அதே ஹாஸ்டலில் இருப்பாள், துணைக்குத் துணை என்று. அப்பாவுக்கு அது சரியாகப் பட்டது. அக்கா படிப்பு முடிந்து வெளியே வந்துவிட்டால் பிறகு என்னைத் தனியாக யாரும் அனுப்பப் போவதில்லை. போனால் இந்த ஜூன். இல்லையென்றால் இல்லை. எனக்கு அது தெரிந்திருந்தது.

அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவள் சொன்ன காரணம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத்தான் விளங்கும்.

கேழ்வரகு மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்க வைத்துத்தான் கூழ் காய்ச்சுவோம். பண்டிகைக்கு இட்லி மாவு. எங்கள் மலைக் குளிரில் மாவு லேசில் புளிக்காது. சில பேர் கரைத்தால் பொங்கும், சில பேர் கரைத்தால் அப்படியே செத்துக் கிடக்கும். பொங்கினால் அவளுக்குக் கை உண்டு என்பார்கள். பொங்காவிட்டால் கை இல்லை. பெண் கேட்டு வருகிறவர்கள்கூட அதை விசாரிப்பார்கள். எனக்குச் சின்ன வயதிலேயே கை உண்டு என்று பேர். அக்காவுக்குக் கை இல்லை. அவள் கரைத்த மாவு ஒருநாளும் எழுந்ததில்லை.

"ஏனுங்க, பெரியவளுக்குக் கை இல்ல. நாளைக்கு எந்த ஊட்டுல அவள மதிப்பாங்க? அதனாலதான் படிக்க வெச்சேன், ஒரு உத்தியோகமாச்சும் அவளக் காப்பாத்தும்னு. இவளுக்குக் கை இருக்குது. இவ எதுக்குங்க படிக்கோணும்?"

"வாத்தியாரு சொல்றாரு இல்ல."

"வாத்தியாரு ஊட்டுல மாவு பொங்காமயா இருக்குது?"

"கோயில் திருவிழா முடியட்டும், பாக்கலாம்" என்று அப்பா எழுந்துவிட்டார்.

நான் புடைத்துக்கொண்டிருந்த முறத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நினைத்துப் பாருங்கள். ஊரே மெச்சுகிற ஒன்று எனக்கு இருக்கிறது, அதனாலேயே எனக்கு ஒன்றும் கிடையாது. அக்காவிடம் ஒன்று இல்லை, அதற்கு ஈடாகப் பள்ளிக்கூடம், ஹாஸ்டல், தகரப் பெட்டி, அறை. எனக்கும் அந்தக் கை இல்லாமல் போயிருக்கக் கூடாதா என்று என் உள்ளங்கையையே வெறுப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அக்காவுக்கும் கை உண்டு என்று ஆகிவிட்டால்? கை இருக்கிறவளும் படிக்கப் போகலாம் என்று ஆகிவிடும் அல்லவா. பிறகு அம்மா என்ன சொல்லி என்னை நிறுத்துவாள்? ஐந்தாம் வகுப்புப் புத்திக்கு அது கெட்டியான வழக்காகத் தெரிந்தது. நான் பொறாமைப்பட்ட அக்காவே ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

திருவிழாவுக்கு முந்தின நாள். சேர்வராயன் கோயிலுக்கு மலை முழுக்கக் கிளம்பும். எங்கள் வீட்டுக்கு மாரமங்கலத்திலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தன் மகனோடு வருவதாக இருந்தது. அம்மா இட்லிக்கு ஆட்டி வைத்துவிட்டு, என்னை உப்புப் போட்டுக் கலக்கி மூடச் சொல்லிவிட்டு விறகுக்குப் போனாள். நான் அண்டாவைத் தூக்கிக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனேன்.

"அக்கா, இத நீ கலக்கு."

"நானா? அம்மா என்னக் கொன்னுரும். எனக்குத்தான் கையே இல்லையே."

"நீதான சொன்ன, மாவப் பொங்க வெக்கறது அந்தச் சின்னதுன்னு. சூடு இருந்தா அது பெருகும்னு. அது மாவுலயே இருக்குதுன்னா கை எதுக்கு?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நீ ஐஸ் தண்ணியில சோப்புப் போட்டுக் கழுவிட்டு ஓடியாந்து கலக்கற. அப்புறம் கதவோரத்துல வெச்சுட்டு வந்தர்ற. நா அடுப்படிக் கையோட கலக்கி அடுப்போரத்துலயே வெக்கறேன். அதான் எனக்குப் பொங்குது, உனக்குப் பொங்கல."

அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை.

"பாக்டீரியா பேசுது" என்றாள்.

கை இல்லை என்ற பேர் அவளையும் உள்ளே அறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. எனக்கு அது அப்போது தெரியாது. வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தாள். கையை அனலில் காட்டிச் சூடு பண்ணிக்கொண்டாள். முழங்கை வரை விட்டுக் கலக்கினாள். மாவு சளக் சளக்கென்று சத்தம் போட்டது. மூடியைப் போட்டு, சாக்கைச் சுற்றி, சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் இருவருமாக நகர்த்தி வைத்தோம். அதற்குள் என்ன நடக்கும் என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒண்ணு ரெண்டாவும், ரெண்டு நாலாவும், மூச்சு விடறாப்புல காத்து விடும், அந்தக் காத்துதான் மாவத் தூக்கும். அவளும் நானும் ஒரே பக்கம் நின்றது போல அன்று இருந்தது. அது மாதிரி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காலையில் அம்மா சாக்கை விலக்கினாள். மூடி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. மாவு அண்டா விளிம்பைத் தாண்டி வழிந்து சாம்பலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இந்தத் தடவ என்னடி இப்படிப் பொங்க வெச்சிருக்கற?"

"நா கலக்கலம்மா. அக்கா."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாவில் விரலை விட்டு மோந்து பார்த்தாள். அறைக் கதவைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். "எம் புள்ளைக்குக் கை வந்துருச்சு. சேர்வராயா, எம் புள்ளைக்குக் கை வந்துருச்சு" என்று அவள் சொன்னபோது குரல் உடைந்தது. அக்காவைப் பற்றி அவ்வளவு பயத்தை அவள் மனதில் சுமந்திருந்தாள் என்பது இப்போது எனக்கு விளங்குகிறது. அப்போது விளங்கவில்லை. அக்காவை அவள் கொஞ்சுவதைப் பார்த்து எனக்கு மறுபடியும் எரிந்தது. என் யோசனைதானே, நான் சுற்றிய சாக்குதானே என்று நினைத்தேன். இருந்தாலும் பொறுத்துக்கொண்டேன். ஜூன் மாதம் வரட்டும் என்று பொறுத்துக்கொண்டேன்.

அத்தை வந்தாள். நல்ல உயரம், உரத்த குரல். பின்னால் மீசை அரும்பிய அத்தை மகன், ஒரு பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு. கூடத்தில் வரிசையாக உட்கார வைத்து அம்மா இட்லி வைத்தாள். அத்தை ஒரு இட்லியை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். விட்டதும் அது பழையபடி எழுந்தது.

"யாரு கை இது?"

அம்மா அதற்காகவே காத்திருந்தவள் போல, "பெரியவதானுங்க அண்ணி" என்றாள். அக்காவின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அட. இவளுக்குக் கையே இல்லைன்னு சொன்னாங்க?" அத்தை அப்பாவைப் பார்த்தாள். "கை இல்லாத புள்ளைன்னுதான் நா வாயத் தொறக்காம இருந்தேன் தம்பி. முறை எம் பையனுக்குத்தான இருக்குது. இப்பக் கையும் இருக்குது. அப்புறம் எதுக்குப் படிப்பு? ஆவணியில வெச்சுக்கலாம்."

அத்தை மகன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். மறுப்பு யார் முகத்திலும் இல்லை. ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. ஒரே சங்கதிதான். நான் அதை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்திருந்தேன், அவர்கள் மறுபக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். கை இருக்கிறவளும் படிக்கலாம் என்று நான் நினைத்தேன். கை இருக்கிறதே, இனி எதற்குப் படிப்பு என்று அவர்கள் நினைத்தார்கள்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அவள் கண் தன் அறைக் கதவுக்குப் போய்த் திரும்பியது.

"நா இல்லீங்க அத்த" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாது. சின்னவதான் கலக்குனா. எம் பேரச் சொல்லிட்டா. எனக்கு எங்கீங்க கை? எப்பவும் அவதான்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு வார்த்தை போதும். இல்லை என்று ஒரு வார்த்தை. ஆனால் அத்தை, அத்தை மகன், அப்பா, அம்மா, அக்கா என்று அத்தனை கண்களும் ஒரே நேரத்தில் என் மேல் விழுந்தபோது, நான் பாவாடையைக் கசக்கிக்கொண்டு தலையைக் குனிந்தேன். குனிந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்காவின் தலையில் இருந்த அம்மாவின் கை நழுவியது. "அதானே" என்றாள், அவ்வளவு மெதுவாக. பிறகு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அத்தை என்னைப் பக்கத்தில் இழுத்து, என் உள்ளங்கையை விரித்து மோந்து பார்த்தாள். "அக்காளுக்குப் பேரு வாங்கித் தரப் பாத்தியா கழுத? கொணமும் இருக்குது, கையும் இருக்குது. சரி தம்பி, பெரியவ படிச்சுக்கட்டும். எனக்கு இதே போதும். இன்னுங் கொஞ்சம் வளரட்டும், நா காத்திருக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா இன்னும் ரெண்டு இட்லி கேட்டார். என் ஆறாம் வகுப்பு அங்கேயே முடிந்தது.

மத்தியானம் கோயிலுக்கு நடந்தோம். உச்சி மைதானத்தில் காற்று ஆளைத் தள்ளியது. குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், அக்கா ஹாஸ்டலில் மிச்சம் பிடித்த காசில் எனக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுவிட்டாள். போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அத்த சும்மா பேச்சுக்குச் சொல்றாங்க. அடுத்த வருசம் நீ வா. நா சிஸ்டருகிட்டச் சொல்லி வெக்கறேன்" என்றாள்.

அடுத்த வருடம் அவளே அங்கே இருக்கப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். வளையல் காப்பிப் பழம் பறிக்கும்போது ஒவ்வொன்றாக உடைந்தது. ஜூன் மாதம் அவள் தகரப் பெட்டியைப் பஸ் நிற்கும் இடம் வரைக்கும் நான்தான் தலையில் சுமந்துகொண்டு போனேன். சார்ட்டை மழை படாமல் உருட்டி அவள் நெஞ்சோடு பிடித்திருந்தாள். அது வகுப்புச் சுவரில் ரொம்ப நாள் தொங்கியதாகச் சொன்னாள்.

மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள். அத்தை காத்திருந்தாள். நான் மாரமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர், குறை சொல்ல மாட்டேன். எங்கள் தோட்டத்து மிளகுக்கு நல்ல பேர் உண்டு. அக்கா சேலத்தில் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சராக வேலை பார்த்து ரிட்டயர் ஆனாள். அறை உள்ள செல், அறை இல்லாத செல் இரண்டையும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருப்பாள்.

போன மாதம் அவள் பேரனுக்குக் காது குத்து. முந்தின நாளே போயிருந்தேன். அவள் வீட்டில் ஆளுக்கொரு அறை. சாயங்காலம் அக்காவின் மருமகள் மிஷினில் அரைத்த மாவை எடுத்துக்கொண்டு வந்தாள். அக்கா சோபாவில் சாய்ந்துகொண்டு எல்லாரிடமும் சொன்னாள்:

"எந் தங்கச்சியக் கலக்கச் சொல்லு. அவ கை அப்படி. ஒரு வருசம் திருவிழாவுக்கு இவ கலக்குன மாவு மூடியத் தள்ளிட்டு வந்துருச்சு. அதனாலதான் எங்கம்மா இவளப் படிக்க அனுப்பல. எனக்குக் கையும் இல்ல, ஒண்ணும் இல்ல, படிப்புதான் வந்துச்சு."

அவள் கண்ணைப் பார்த்தேன். பொய் சொல்கிற கண்ணாகத் தெரியவில்லை. அன்று அவசரத்துக்குச் சொன்னதை அவளே நம்பத் தொடங்கி, அதன் மேலேயே இத்தனை வருடம் நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறாள். அவள் படிப்பின் மேலும் பென்ஷனின் மேலும் எனக்கு இருந்த பொறாமை வயதோடு தேய்ந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்த நிமிடம் வேறொன்றின் மேல் புதிதாக மூண்டது. அப்படி மறக்க எனக்கு ஏன் வரவில்லை?

"அக்கா, அது நீ கலக்குனது" என்றேன்.

கூடத்தில் பத்துப் பேர் இருந்தார்கள். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்கா சிரித்துவிட்டாள்.

"நொம்பத்தான் வயசாயிருச்சு இவளுக்கு. எல்லாம் மாத்தி மாத்தி நெனப்பு வருது."

மற்றவர்களும் சிரித்தார்கள். மருமகள் மாவுப் பாத்திரத்தை என் முன்னால் வைத்தாள். நான் கையை நீட்டவில்லை. பாத்திரத்தை மெதுவாக அக்கா பக்கம் தள்ளினேன்.

"உங்க அத்தையக் கலக்கச் சொல்லு கண்ணு. நல்லாப் பொங்கும். நா பாத்திருக்கறேன்."

அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வளையலை மேலே ஏற்றிக்கொண்டு, மாவுக்குள் கையை விட்டாள்.